மூன்றாவது குழி

பொதட்டூர்பேட்டைக்கு வரும் கரி பஸ் எங்கள் பாடசாலை வாசலில் நிற்கிற வழக்கம் இல்லை. சித்திரைக் கடைசிச் செவ்வாய்க்கிழமை நின்றது. மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். டிரைவர் இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். அவர் துண்டை அவிழ்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார், உங்க பாவா விடியக்காலம் தவறிட்டாருங்க. திருத்தணியில உங்க அக்கா சொல்லியனுப்பிச்சாங்க. பள்ளிப்பட்டு போயி திரும்பிக்கினு வர்றேன், அதுக்குள்ள கெளம்பி நில்லுங்க" என்றார்.

கிளம்பி நின்றேன். இந்த யுத்த காலத்து பஸ்ஸைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. பெட்ரோலுக்குப் பதில் கரியைப் போட்டு எரித்து ஓட்டுகிறார்கள். ஏற்றம் வந்தால் வண்டிக்கு மூச்சு முட்டிவிடும். வழியில் இறங்கித் தள்ளினோம். இழவுக்குப் போகிறவனும் தள்ளத்தான் வேண்டும், கல்யாணத்துக்குப் போகிறவனும் தள்ளத்தான் வேண்டும். மலைக்கோயில் கோபுரம் கண்ணில் பட்டபோது சாயங்காலம் ஆகிவிட்டது. எனக்காகப் பாவாவை எடுக்காமல் வைத்திருந்தார்கள்.

என் அக்கா கன்னியம்மாளின் கணவர் குப்புசாமி அவர்களை நான் பாவா என்று அழைத்துத்தான் பழக்கம். அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். எழுதுவதற்குக் காரணம் துக்கம் மட்டும் என்று சொன்னால் அது பொய். சாவு வீட்டுப் பந்தலிலேயே என் காதுபட ஒருவர் சொன்னார்: "பொண்டாட்டி சக்கரத்த சுத்துனா, புருசன் கை போச்சு, உசுரும் போச்சு." சொன்னவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னார். அன்று அவரிடம் நான் ஒன்றும் பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

பாவா கனகம்மாசத்திரத்துப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு முன் பிறந்த குழந்தைகள் ஒன்றுகூடத் தங்கவில்லை. அதனால் இவர் பிறந்ததும், நம் பக்கத்தில் எல்லாரும் செய்கிறபடி, வீட்டுக் குப்பைமேட்டில் போட்டு ஓர் உருட்டு உருட்டினார்கள். பக்கத்து வீட்டு அம்மாள், கேட்பாரற்ற பிள்ளையை எடுப்பதுபோல எடுத்து, பெற்ற தாய்க்கே ஒரு படி தவிட்டுக்கு விற்றாள். குப்பையில் கிடந்ததை எமன் சீண்டமாட்டான் என்பது நம்பிக்கை. குப்புசாமி என்று பெயரும் வைத்தார்கள். பிள்ளை தங்கிவிட்டது. இந்தக் கதையைப் பாவா பெருமையாகச் சொல்வார். கேட்கிறவர்கள் சிரித்தால் அவருக்குக் கோபம் வரும்.

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, நைனா தாம்பாளத்தை வைத்துக்கொண்டு வாசலில் காத்திருக்க, மாப்பிள்ளையைக் காணோம். தேடிப்போனால் கொல்லையில் எங்கள் எருக்குழி ஓரம் குந்திக்கொண்டு கையால் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் தறிக்காரர்கள், ஒரே ஒரு பசு. "இன்னா மாப்ளே, பொண்ண பாக்க வந்தீங்களா, சாணிய பாக்க வந்தீங்களா" என்று நைனா கேட்டார். "எரு நல்லா மக்கி கீது. வீட்டுப் பொம்பளைங்க கையி சுத்தம்னு தெரிஞ்சுபோச்சு. அப்பால பொண்ணு என்னாத்துக்குப் பாக்கணும்" என்றார் பாவா. குழியைப் பராமரித்தது அக்காதான். கல்யாணம் அதிலேயே முடிந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் வெகுகாலம் சொல்லிச் சிரித்தோம்.

திருத்தணி மலையடிவாரத்தில், கல்லும் சரளையுமான இரண்டு காணிக் குத்தகை நிலம் அவர்களுக்கு வாழ்வாக இருந்தது. கேழ்வரகும் வேர்க்கடலையும் போடுவார்கள். குழந்தைகள் இல்லை. அதைப் பற்றி இருவரும் யாரிடமும் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. அந்தச் சரளையில் பயிர் வருகிறதென்றால் எருவின் தயவில்தான் வரும். ஓர் உழவு ஜோடியும் ஒரு பசுவும் இருந்தன. சோளத்தட்டையை நறுக்கி மாட்டுக்குப் போட, ஒரு சக்கரக் கத்தியும் வாங்கிக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த இரும்புச் சக்கரம், அதில் இரண்டு வளைந்த கத்திகள். ஒருவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். இன்னொருவர் தட்டையைக் கத்திக்கு முன்னால் இருக்கும் மரவாயில் தள்ளிவிட வேண்டும்.

போன ஐப்பசியில் வெக்கை நோய் வந்தது. நம் பக்கத்தில் கொட்டகைக்குக் கொட்டகை மாடுகள் விழுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாவாவின் மூன்றும் ஒரே வாரத்தில் போயின. தோலுக்கும் கொடுக்காமல் தாமே குழிவெட்டிப் புதைத்தார். அதன்பின் பல நாள் கொட்டகைப் பக்கமே அவர் போகவில்லை என்று அக்கா சொன்னாள்.

தை மாதத்தில் நிலத்துக்காரர் வந்தார். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அப்படி எழுத முடியாது. ஊரெல்லாம் தானியத்துக்கு அலைகிற காலம். அவருக்கும் விளைச்சல் வேண்டும். "உழவுக்கு நீ எரவல் மாடு கட்டிக்குவே குப்புசாமி. எருவுக்கு இன்னா பண்ணுவே? எவனும் சாணிய எரவல் குடுக்கமாட்டான். மூணு குழி நெறைய எரு காட்டு, நெலம் உங்கிட்டயே இருக்கட்டும். ஆடிக்கு மேல என்னால காத்துக்கினு இருக்க முடியாது. மாடு வெச்சிருக்கறவன் ஒருத்தன் கேட்டுக்கினு கீறான்" என்றார்.

மாடு இல்லாமல் மூன்று குழி எரு. நிலம் போனால் இருவரும் கூலிக்குப் போக வேண்டும். அந்த வருஷம் கூலிக்கு ஆள் தேடுவாரும் இல்லை.

மாசி பிறந்ததும் மலையில் இலை உதிரும் காலம். வேம்பு, புங்கன், இன்னும் பேர் தெரியாத மரங்களெல்லாம் படிக்கட்டு ஓரத்திலும் சரிவிலும் கொட்டிவைக்கும். பாவாவும் அக்காவும் பழைய புடவைகளில் மூட்டை கட்டி இறக்கினார்கள். நந்தவனத்தில் கழித்துப்போட்ட மல்லிகைக் கொடி, நந்தியாவட்டைக் கிளை, தோப்புகளில் வெட்டிப்போட்ட மாங்கொம்பு, எது கிடைத்தாலும் சுமந்தார்கள். ஊருக்கு அது நல்ல வேடிக்கை. "குப்புசாமிக்கு மாடு போச்சு, கூடவே புத்தியும் போச்சு" என்றார்கள்.

அவர்கள் சிரித்ததிலும் நியாயம் உண்டு. இலையைக் குழியில் கொட்டினால் எளிதில் மக்காது. ஒன்றின்மேல் ஒன்று அப்பிக்கொண்டு, நனைந்த காகிதக் கட்டுபோல் படிந்துவிடும். தண்ணீர் இறங்காது, காற்றும் போகாது. அடுத்த வருஷம் தோண்டினாலும் முழு இலையாகவே வரும். பாவாவுக்கு அது தெரியும். ஆனால் கொட்டகையில் சக்கரத்தின் அடியில் அவர் வேறொன்றைப் பார்த்திருந்தார். நறுக்கிய தட்டைத் துணுக்குகளும், அதோடு அகப்பட்டு வெட்டுப்பட்ட சருகும் விழுந்து கிடந்த இடத்தில், ஒரு பருவத்துக்குள் கறுத்த மண்ணாகிக் கிடந்தது. மாடு போனபின் பெருக்க ஆளில்லாமல் கிடந்த மூலை அது.

"முழு இலைய மண்ணு முழுங்காது வாத்தியாரே. பல்லு இல்லாத கெழவிக்கு முறுக்க ஒடச்சித்தானே குடுக்கணும்" என்று பின்னர் எனக்குச் சொன்னார். என்னை ஒருநாளும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு இந்த உத்தியோகம் கிடைத்த நாள்முதல் வாத்தியார்தான். அதில் பாதி மரியாதை, பாதி கேலி.

இறந்த மாடுகளுக்காக வாங்கிய சக்கரத்தில் இலையை நறுக்கத் தொடங்கினார்கள். அக்கா சுற்றுவாள், பாவா தள்ளிவிடுவார். காய்ந்த சருகை அப்படியே தள்ளினால் கத்தி வெட்டாது. பறந்து முகத்தில் அடிக்கும். லேசாகத் தண்ணீர் தெளித்து, பச்சைக் கிளைகளோடு சேர்த்து வைக்கோற்பிரிபோல் முறுக்கித் தள்ள வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே சில நாள் ஆயிற்று. விரல் தண்டிக்கு மேற்பட்ட கொம்பு கத்தியில் சிக்கும். சிக்கினால் சக்கரம் நின்றுவிடும். பாவா கையைவிட்டுப் பிடுங்குவார்.

சாணிக்குப் பதில் என்ன செய்வது என்பதை அக்கா பார்த்துக்கொண்டாள். மாடு பிழைத்த வீடுகளில் விடியற்காலை கொட்டகை பெருக்கிக் கொடுத்தாள். கூலி கேட்கவில்லை. மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணைக் கூடையில் அள்ளிக்கொள்ள விட்டார்கள்; கையளவு சாணியும் சில வீட்டில் கிடைத்தது. அதைக் கரைத்து, நறுக்கிய இலை ஓர் அடுக்கு, கரைசல் ஓர் அடுக்கு என்று குழியை நிரப்பினார்கள். ஊரில் எவரும் அக்காவின் இந்த வேலையைப் பற்றிப் பேசக் கேட்டதில்லை. சக்கரம் சுற்றியதை மட்டும் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். முதல் குழியைக் கிளறிப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் நேரத்திலும் அதிலிருந்து ஆவி எழுந்தது. பாவா சட்டையில்லாமல் குழியோரம் மண்டியிட்டு, வலது கையை முழங்கைக்கு மேலேயே உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டு, உலையில் அரிசி வெந்ததா என்று பார்ப்பவர்போல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"கொதிக்குது. இன்னும் ஒருவாட்டி பெரட்டணும்" என்றார்.

"ஒரு குச்சியை விட்டுப் பார்க்கக் கூடாதா பாவா" என்று கேட்டேன்.

"குச்சிக்கி இன்னா தெரியும்? சூடு, ஈரம், வாசன, அல்லாம் கையிலதான் தெரியும். நீ ஒரு பையனுக்கு ஜொரம்னா குச்சிய வெச்சா பாப்பே" என்றார். அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் கையை உருவியபோது முழங்கைக்கு மேல்வரை கறுத்து, அதிலிருந்து ஆவி பறந்தது. துடைக்காமலே எனக்குக் கூழ் ஊற்றிக் கொடுக்க வந்தார். அக்கா அதட்டிக் கழுவ அனுப்பினாள்.

சித்திரை நடுவில் முதல் குழி பதமாகிவிட்டது. இரண்டாவது சூடேறி அடங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது பாதி நிறைந்திருந்தது. ஆடிக்குள் அதுவும் மக்க வேண்டுமானால் அந்த வாரமே நிரப்பி முடிக்க வேண்டும். அந்த அவசரத்தில் ஒரு புங்கங்கொம்பு கத்தியில் சிக்கியது.

நடந்ததைப் பாவாவே என்னிடம் சொன்னார். எப்படிச் சொன்னார் என்பதைப் பின்னால் எழுதுகிறேன். கொம்பு சிக்கியதும் சக்கரம் நின்றது. அக்கா கைப்பிடியை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றாள். பாவா கையைவிட்டுக் கொம்பைப் பிடுங்கினார். கொம்பு விடுபட்டதும், அதுவரை அதில் முட்டிக்கொண்டு நின்ற கனத்த சக்கரம் தானாகக் கொஞ்சம் உருண்டது. கத்தி அவர் வலது கையில் இரண்டு விரல்களைப் பதம் பார்த்தது. விரல் போகவில்லை. ஆழமான வெட்டு, அவ்வளவுதான். சக்கரத்தின்மேல் அப்போது யார் கையும் இல்லை. பந்தலில் வெற்றிலை குதப்பியவர் இந்த வரியை மறுபடி ஒருமுறை படிக்கட்டும்.

அக்கா புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். ஆஸ்பத்திரி அதே ஊரில்தான் இருக்கிறது. பாவா கேட்கவில்லை.

"பொறந்தன்னிக்கே என்ன குப்பையில போட்டு எடுத்தாங்க. எமனே தொடல. குப்ப எனக்குத் தாயி மாதிரி. இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா" என்றாராம்.

அத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மூன்றாவது குழிக்குக் கரைசல் ஊற்ற வேண்டியிருந்தது; கட்டுப்போட்ட கையாலேயே மாட்டுமண்ணையும் சாணியையும் கரைத்தார். பிறகு இரண்டாவது குழியின் சூட்டைப் பார்க்க, துணி நழுவும் என்று கட்டை அவிழ்த்துவிட்டு, அதே கையை உள்ளே விட்டார். அக்கா தடுத்தாள். "இடது கைக்கி சூடு தெரியாது" என்றார். இதை எழுதும்போது எனக்கு அவர்மேல் கோபம்தான் வருகிறது. செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன்.

ஒரு வாரம் ஒன்றும் இல்லை. காயம் ஆறுவதுபோலக்கூட இருந்தது. பிறகு ஒருநாள் களி உருண்டையை வாயில் போட முடியவில்லை. தாடை வலி, பல்வலியாக இருக்கும் என்று நினைத்தார்கள். மறுநாள் பல் இறுகிவிட்டது, கழுத்து விறைத்தது. அப்போதுதான் கட்டை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

தகவல் கிடைத்து ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, ஜன்னல்களைத் துணியால் மூடிய ஓர் அறையில் படுக்கவைத்திருந்தார்கள். வெளிச்சம் பட்டாலும் சத்தம் கேட்டாலும் உடம்பு வில்லாக வளைந்து இழுத்தது. ரணஜன்னி என்றார் டாக்டர். என்னை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னார்: "வெட்டு இவரைக் கொல்லலை. வெட்டோட எருவுல கையை வெச்சாரு பாருங்க, அதுதான். அன்னைக்கே வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். இதுக்கான ஊசிமருந்து இப்ப மதராஸ்லயே கிடைக்கிறது கஷ்டம். சொல்லி அனுப்பியிருக்கேன்."

மருந்து வரவில்லை. யாரைக் குற்றம் சொல்வது? யுத்தத்தைச் சொல்லலாம். அதற்குக் காது இல்லை.

அன்று மாலை இழுப்பு சற்று அடங்கியிருந்த நேரத்தில் பாவா என்னைக் கண்ணால் அருகே அழைத்தார். பல் திறக்காமல், உதடு மட்டும் அசைய, ஒவ்வொரு சொல்லாக வந்தது. அக்கா வெளியே கஷாயம் வாங்கப் போயிருந்தாள். நடந்ததை மேலே நான் எழுதியபடி சொன்னார். சொல்லிவிட்டு, "அவ கைய எடுத்துட்டா வாத்தியாரே. சக்கரம் தானா உருண்டுச்சி. ஊரு வேற சொல்லும். நீ சொல்லு" என்றார். இடையில் மூன்று முறை உடம்பு இழுத்தது. ஒவ்வொரு முறையும் அடங்கக் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பேசாதீர்கள் என்று நான் எவ்வளவோ கெஞ்சியும் நிறுத்தவில்லை. அவர் என்னிடம் கேட்டுக்கொண்ட ஒரே காரியம் அதுதான். பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் திங்கட்கிழமை காலை பஸ் ஏறினேன். செவ்வாய் விடியலில் அவர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு நிலத்துக்காரரும் வந்திருந்தார். சாப்பிடாமல் எழுந்து போய்க் குழிகளைப் பார்த்தார். முதல் குழி எருவை ஒரு கை அள்ளி உதிர்த்தார். இலையென்று சொல்ல அதில் ஒரு நரம்புகூட இல்லை. இரண்டாவதையும் கிளறிப் பார்த்தார். மூன்றாவது பாதியிலேயே நின்றிருந்தது. பக்கத்தில் நறுக்காத இலையும் கிளையும் மலைபோல் குவிந்து கிடந்தன.

"நல்லாத்தான் பண்ணிக் கீறான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஆனா ஆம்பள இல்லாத வீடு. சொன்னது மூணு குழி. நான் இன்னா பண்றது சொல்லுங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், உள்ளே ஒரு மூலையில் உட்கார்த்திவைக்கப்பட்டிருந்த அக்கா கதவோரம் வந்து நின்றாள். கருமாதியன்று அப்படி வெளியே வந்து பேசுவது நம்மவர்களில் வழக்கம் இல்லை. பெண்கள் சிலர் அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"ஆடி கடைசி வரிக்கும் இருங்க ஐயா. மூணாவதும் நெறஞ்சிடும்" என்றாள்.

அவர் கையில் ஒட்டியிருந்த எருவைத் தட்டிவிட்டார். "ஆங், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு உறுதி எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே அக்கா கொட்டகைக்குப் போய்விட்டாள். தாலி அறுத்த மறுநாள் கத்தியைத் தொடுகிறாளே என்று உறவுக்காரப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். நான் பின்னால் ஓடினேன். கத்தியில் காய்ந்திருந்த ரத்தத்தை அவள் முன்பே கழுவியிருக்க வேண்டும், சுத்தமாக இருந்தது. நான் தள்ளிவிடுகிறேன், நீ சுற்று என்றேன். அவள் தலையசைத்தாள்.

"சக்கரத்த இனிமே நான் தொடமாட்டேன் தம்பி. நீ சுத்து. நான் தள்ளிவிடறேன்."

"அக்கா, கத்திகிட்ட உன் கை வேணாம்."

"அவரு கை இருந்த எடம்தானே. சுத்து."

சுற்றினேன். முதல் பிரி வெட்டுப்பட்டு விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு மாங்கொம்பு சிக்கிச் சக்கரம் நின்றது. நான் கைப்பிடியை விட்டுவிட்டுப் பின்னால் போய் நின்றேன். அக்கா கையை நீட்டவில்லை. சுவரோரம் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துவந்து, சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே குறுக்காகச் செருகினாள். ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். சக்கரம் அசையவில்லை. அதன்பிறகுதான் கொம்பைப் பிடுங்கினாள்.

கடப்பாரையை உருவாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "இது அன்னிக்கும் இங்கியேதான் இருந்துச்சி தம்பி" என்றாள். பாவா போன அன்று முதல் அழாதிருந்தவள் அப்போது அழுதாள். கொட்டகையில் வேறு யாரும் இல்லை. நானும் அழுதேன். பிறகு கடப்பாரையை உருவிக் கீழே வைத்துவிட்டு அடுத்த பிரியை முறுக்கினாள்.

பாவா, நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். ஊர் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, இனி அது அச்சில் இருக்கும். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. மூன்றாவது குழி நிறைகிறவரை நான் இங்கேதான் இருப்பேன். நிலம் நிற்குமா என்று தெரியாது. ஒவ்வொரு பிரிக்கும் அக்காவின் கை கத்தியின் பக்கம் போகிறது. இருந்தும் அவள் சுற்று என்கிறாள், நான் சுற்றுகிறேன். போய் வாருங்கள்.